விண்ணோட மொடல் கிட்: கட்டுவதும் பழசாக்குவதும் பிள்ளைக்குக் கொடுப்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பெட்டிக்குள் சட்டங்களில் கோத்தபடி வரும் பிளாஸ்டிக் துண்டுகளைக் கட்டி, நிறம் பூசி, பலமுறை விண்வெளிக்குப் போய்வந்த தோற்றம் வரப் பழசாக்கி, ஒரு பிள்ளைக்குக் கொடுக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. உதாரணத்துக்கு அதிகம் எடுத்திருப்பது அமெரிக்க விண்ணோடம் (ஸ்பேஸ் ஷட்டில்). கற்பனைக் கப்பல்களுக்கும் முறை ஒன்றுதான். வன்னியின் வெயில், புழுதி, மாரி, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் சாமான் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

மகனுக்கு 8 வயது. எந்தக் கிட் வாங்குவது?

பசையில்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை. துண்டில் இருக்கும் முளை மற்றத் துண்டின் துளையில் இறுகிக்கொள்ளும். பிள்ளையே பெரும்பாதியைப் பொருத்திவிடும். பசை போட்டு ஒட்டும் கிட் 10, 12 வயதுக்குப் பிறகு, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை இருந்தால் இரண்டு வகையுமே எட்டாத உயரத்தில்தான் இருக்கவேண்டும். அன்டெனா, சக்கரம் எல்லாம் தொண்டையில் சிக்கும் அளவுதான்.

அளவை வாங்கும்போதே பாருங்கள். உண்மையான விண்ணோடத்தின் நீளம் சுமார் 37 மீற்றர். 1/144 அளவில் அது 26 செ.மீ., 1/72 அளவில் 52 செ.மீ. வரும். சின்னக் கைக்கு 26 செ.மீ. தாராளம். பெரியதை வாங்கினால் வைக்க இடம் தேடுவதே தனி வேலை.

கட்டி முடித்துக் கொடுப்பதா, பெட்டியாகவே கொடுப்பதா?

இரண்டுக்கும் நடுவில் கொடுப்பதுதான் எங்கள் தெரிவு. வெட்டுதல், ஒட்டுதல், ஸ்பிரே மூன்றையும் நீங்கள் முடியுங்கள். பழசாக்கலில் பாதியை மட்டும் செய்யுங்கள். புழுதி பூசுவதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் வைக்கும்படி முழுதாய் முடித்த கப்பலைப் பிள்ளை இரண்டு நாள் பார்க்கும், மூன்றாம் நாள் மறக்கும். தான் ஊத்தையாக்கிய கப்பலை மறக்காது.

ஆனால் முதலில் கேளுங்கள். சில பிள்ளைகளுக்குப் புதுக் கப்பல்தான் வேண்டும். பளபளவென்று இருந்ததை “மாமா ஏன் ஊத்தையாக்கினவர்?” என்று அழுத பிறகு கழுவி எடுக்க முடியாது.

கனடாவிலிருந்து சித்தப்பா வருகிறார். என்ன கொண்டுவரச் சொல்லலாம்?

கிட், நல்ல வெட்டுக்குறடு, நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட், மெல்லிய பிரஷ் இரண்டு. ஸ்பிரே பெயின்ட், தின்னர், தீப்பற்றும் மொடல் பசை இவற்றைக் கேட்கவேண்டாம். பயணப்பெட்டியிலும் கைப்பையிலும் அவற்றுக்கு விமானத்தில் அனுமதியில்லை. விமான நிலையத்தில் எடுத்து வீசிவிடுவார்கள். பசையை மட்டும் கொழும்பில் மொடல் சாமான் விற்பவர்களிடம் எடுப்பியுங்கள், அல்லது பசை தேவைப்படாத கிட்டாக வாங்குங்கள்.

மற்றச் சாமான்களை இங்கே எடுக்கலாமா?

ஹாட்வெயார் கடையில்: தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் சான்ட் பேப்பர் 400, 600, 1000 இலக்கங்களில் ஒவ்வொரு தாள், மாஸ்கிங் டேப், டேர்பன்டைன் ஒரு சிறு போத்தல், சாம்பல்நிற பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்பிரே ஒன்று, மங்கல் வார்னிஷ் ஸ்பிரே ஒன்று, பளபளப்பு வார்னிஷ் ஸ்பிரே ஒன்று. புத்தகக்கடையில்: எண்ணெய் வர்ணக் குழாய் இரண்டு, கறுப்பும் கடும் மண்ணிறமும், அதோடு வெண்கட்டி. வீட்டில்: பழைய பல்லுத்தீட்டும் பிரஷ், காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, பாத்திரம் கழுவும் ஸ்பொஞ்சில் ஒரு துண்டு, நகவெட்டி.

எங்கிருந்து தொடங்குவது? பெட்டியைத் திறந்ததும் வெட்டலாமா?

முதலில் கழுவுங்கள். அச்சிலிருந்து துண்டு கழரப் பூசிய எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கும். அதன்மேல் பெயின்ட் பிடிக்காது, மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, சட்டத்தோடு அப்படியே பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவிடுங்கள். வெயிலில் தகரத்தின்மேல் பரப்பினால் மெல்லிய இறக்கைகள் வளையும்.

வெட்டும்போது இரண்டு வெட்டு. முதல் வெட்டு துண்டிலிருந்து 2, 3 மில்லிமீற்றர் தள்ளி. இரண்டாவது, மிச்சம் நிற்கும் குச்சியைத் துண்டை ஒட்டி. ஒரே வெட்டில் நெருக்கி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு, துண்டில் குழி விழும். வெள்ளைத் தழும்பும் நிற்கும். மிஞ்சும் புடைப்பை 400, 600, 1000 என்று வரிசையாகத் தேயுங்கள். முறிப்பதற்காகக் கையால் திருகவேண்டாம்.

எந்தப் பசை? சூப்பர் குளூ போதாதா?

மொடல் பசை ஒட்டும் விதமே வேறு. அது பொலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை மெல்லக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக உருக்கிவிடும். அதனால் துண்டுகளை முதலில் சேர்த்துப் பிடித்து, இடைவெளியில் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், பசை தானாக உள்ளே ஓடும். விரலை அந்த இடைவெளியின்மேல் வைத்திருந்தால் விரலடிக்கும் ஓடி, உங்கள் ரேகை கப்பலில் பதியும். ஒருநாள் விட்டுத் தேயுங்கள்.

சூப்பர் குளூ ஒட்டும், ஆனால் விழுந்தால் வெடித்துக் கழரும். யன்னல், விமானி அறைக் கண்ணாடி போன்ற தெளிந்த துண்டுகளுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் பனியாகப் படியும், துடைத்தால் போகாது. அந்த இடத்துக்குத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் தெளிந்துவிடும், பிழைத்தால் தண்ணீரில் கழுவிவிடலாம்.

ஸ்பிரே அடித்த இடம் பால் சிந்தினாற்போல வெளிறிப் போனது. ஏன்?

மாரிக்காலத்தில் அடித்திருப்பீர்கள். ஸ்பிரேயில் இருக்கும் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் பெயின்டுக்குள் ஒடுங்கி வெளிறலாகத் தெரியும். ஒக்டோபரிலிருந்து மழை ஓயும்வரை, வெயில் எறித்து இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து மட்டும் அடியுங்கள். வெளிறியதை நன்றாகக் காயவிட்டு, காய்ந்த நாளொன்றில் மெல்லிய பூச்சு ஒன்று மேலே அடித்தால் பெரும்பாலும் மறையும்.

சோளகக் காலத்தில் தொல்லை எதிர்ப்பக்கம். காற்று செம்புழுதியை அள்ளிவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். வெக்கையில் பெயின்ட் பறக்கும்போதே காய்ந்து, தொட்டால் சான்ட் பேப்பர் மாதிரிச் சொரசொரக்கும். விடிய 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில், காற்று எழும்ப முன், முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு அடியுங்கள். அடித்த கையோடு பெரிய பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து மூடுங்கள்.

தூரம் 20 முதல் 25 செ.மீ. ஒரே தடவையில் மூடப் பார்க்காமல், மெல்லியதாக மூன்று தடவை, இடையில் 15 நிமிடம். வீட்டுக்குள் அடிக்கவேண்டாம். பிள்ளை பக்கத்தில் நிற்கவும் வேண்டாம்.

மோட்டார்சைக்கிளுக்கு அடிக்கும் ஸ்பிரேயை அடிக்கலாமா?

சில அடிக்கலாம், சில பிளாஸ்டிக்கைத் தின்னும். பேரைப் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் பார்க்கவேண்டும். துண்டுகளை வெட்டி எடுத்தபின் மிஞ்சும் சட்டத்தில் அடித்துப் பாருங்கள். அதுவும் அதே பிளாஸ்டிக்தான். மேற்பரப்பு வெடித்த வயல் மாதிரிக் கோடு விட்டால் அந்த ஸ்பிரே வேண்டாம். மோட்டார் வாகன தின்னர், நகப்பூச்சு அழிக்கும் திரவம், பெற்றோல் மூன்றும் பொலிஸ்டைரினுக்கு எதிரி. பிழையாகப் பட்ட பெயின்டை பெற்றோலில் துடைக்கும் பழக்கம் கராஜில் சரி, இங்கே கப்பலே போய்விடும்.

ஸ்டிக்கர் ஒட்டினால் ஓரத்தில் வெள்ளியாக மினுங்குகிறது.

தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் ஸ்டிக்கர் அது. மங்கலான பெயின்டின் சொரசொரப்புக்குள் காற்று அகப்பட்டு மினுங்குகிறது. ஸ்டிக்கருக்கு முன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் இந்தத் தொல்லை இல்லை. வெட்டிய துண்டை 20, 30 விநாடி தண்ணீரில் வைத்து, எடுத்து ஒரு நிமிடம் பொறுத்து, கடதாசியிலிருந்து மெல்லத் தள்ளி இறக்குங்கள். வளைவில் படியாவிட்டால் வெள்ளை வினாகிரி ஒரு துளி தொடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளைப் படிவு விடுகிற ஊராக இருந்தால், காய்ந்ததும் ஸ்டிக்கரைச் சுற்றி வெள்ளை வளையம் நிற்கும். அங்கே வடிகட்டிய குடிதண்ணீரைப் பாவியுங்கள்.

கிட்டில் ஐந்து விண்ணோடங்களின் பெயரும் இருக்கிறது. எதை ஒட்டுவது?

பழசாக்கப் போகிறீர்கள் என்றால் டிஸ்கவரி. 39 தடவை போய்வந்தது, ஐந்திலும் அதுதான் அதிகம். கடைசியாகக் கட்டிய ஓடம் எண்டவர், 1992இல்தான் முதலில் பறந்தது, கொஞ்சம் புதிதாக விடலாம். சலஞ்சர் 1986இலும், கல்பனா சாவ்லா பயணித்த கொலம்பியா 2003இலும் ஆட்களோடு அழிந்தவை. பிள்ளை கேட்கும், பதில் சொல்ல ஆயத்தமாக இருந்தால் அவற்றையும் ஒட்டலாம்.

ஓடத்தோடு இணைக்கும் செம்மஞ்சள் நிறப் பெரிய எரிபொருள் தாங்கியும் கிட்டில் இருந்தால் ஒன்று கவனியுங்கள். 1981இல் பறந்த முதல் இரண்டு பயணங்களில் மட்டுமே அது வெள்ளை. பிறகு நிறைகுறைக்கப் பெயின்டை விட்டுவிட்டார்கள். தாங்கியை மூடியிருக்கும் நுரைப்பூச்சு இளமஞ்சளில் தொடங்கி வெயில் பட்டுக் கறுத்துக்கொண்டு போகும். ஆகவே ஒரே சீரான செம்மஞ்சள்தான் பிழை, திட்டுத்திட்டாக இருப்பதே சரி.

பழசாக்குவதில் எந்த இடத்தில் என்ன பூசுவது என்று எப்படித் தெரியும்?

போய் ஒரு பழைய லான்ட்மாஸ்டரை (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பாருங்கள். உண்மையாகத்தான் சொல்கிறோம். கைபிடியில் கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் போய் இரும்பு மினுங்கும். புகைக்குழாய்க்குப் பின்னால் கரி, அதுவும் காற்று போகும் பக்கமாகவே நீண்டிருக்கும். சேறு கீழே கனமாக, மேலே போகப்போகத் தெறித்த புள்ளியாக. எண்ணெய் ஒழுகிய இடத்துக்குக் கீழே நேர்கோடாக ஒரு கறை. எஞ்சின் மூடியின் நடுவில் ஒன்றுமே இல்லை, வெயிலில் வெளிறியது மட்டும். ஊத்தை கண்டபடி ஏறுவதில்லை, ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

கப்பலிலும் அப்படியே. பூசமுன் கேளுங்கள்: இந்தக் கறை எங்கிருந்து வந்தது? கதவு விளிம்பு, ஏணி, எரிபொருள் வாய், எஞ்சின் வாய், தரை தொடும் சக்கரம். பதில் இல்லாத இடத்தில் பூசவேண்டாம்.

விண்ணோடத்தின் அடிப்பக்கம் தனிப் பாடம். அங்கே இருப்பவை வெப்பம் தாங்கும் கறுப்பு ஓடுகள், பெரும்பாலும் 15 செ.மீ. சதுரம். 1/144இல் ஒரு மில்லிமீற்றர்தான், ஒவ்வொன்றாகப் பூச நினைத்தால் கண் போகும். ஆனால் மாற்றிய புது ஓடு கடும் கறுப்பாகவும், பலமுறை போய்வந்தது சாம்பல் பூத்தும் தெரியும். அடிப்பக்கம் முழுக்கக் கடுஞ்சாம்பல் பூசி, கறுப்போடு ஒரு சொட்டு வெள்ளை கலந்த இரண்டு மூன்று நிறங்களில் அங்கங்கே சின்னச் சதுரங்கள் 30, 40 வையுங்கள். பிறகு மிகவும் தண்ணியான வெண்சாம்பலை மூக்கிலிருந்து வாலை நோக்கி இழுங்கள். மூக்கு நுனியும் இறக்கை முன்விளிம்பும் சாம்பல்நிறக் காபன், அங்கே கறுப்பு வேண்டாம்.

துரு பூசலாமா?

விண்ணோடத்தில் வேண்டாம். அதன் உடல் அலுமினியம், செந்துரு பிடிக்காது. வெற்றிடத்தில் துருப்பிடிக்கக் காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. கற்பனைக் கப்பல், ஏதோ ஒரு ஈரமான கிரகத்தில் பத்து வருடம் கிடந்தது என்றால் பூசுங்கள். கொஞ்சமாக.

கப்பலின் பலகைகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் ஊத்தை இறக்குவதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

பெயின்டும் ஸ்டிக்கரும் முடிந்து ஒருநாள் காய்ந்தபின் மறுபடி பளபளப்பு வார்னிஷ். அதுவும் முழு நாள் காயட்டும். கடும் மண்ணிற எண்ணெய் வர்ணத்தில் ஒரு நெல்மணி அளவு, கறுப்பு அதில் பாதி, டேர்பன்டைன் ஒரு தேக்கரண்டி. கலக்கினால் வெறும் தேத்தண்ணீர் போல இருக்கவேண்டும். மெல்லிய பிரஷ் நுனியால் கோட்டில் ஒரு இடத்தைத் தொட்டுவிட்டுப் பாருங்கள், கோடு தானே அதை உறிஞ்சிக்கொண்டு ஓடும். ஓடாமல் திட்டாக நின்றால் கலவை தடிப்பு. 15 நிமிடம் கழித்து, டேர்பன்டைன் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் காற்றோடும் திசையில், மூக்கிலிருந்து வாலை நோக்கி மட்டும் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் கோட்டில் இருப்பதும் வந்துவிடும்.

அழுத்திப் பொருத்தும் கிட்டில் ஒரு ஆபத்து உண்டு. இறுகிய முளையும் துளையும் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும். வார்னிஷ் இல்லாத வெறும் பிளாஸ்டிக்கில் இந்தக் கரைப்பான் இறங்கினால் அந்த இடம் வெடிக்கும். அடுத்த நாள் காலை இறக்கை கழன்று விழுந்திருந்தால் காரணம் இதுதான். வார்னிஷ் அடிக்காத துண்டுக்கு அக்ரிலிக் கலவையைத் தண்ணீரில் கரைத்துப் பாவியுங்கள்.

பெயின்ட் உதிர்ந்த தோற்றம் எப்படி?

சின்ன உதிர்வுக்கு ஸ்பொஞ்ச். கடும் மண்ணிறத்தில் தோய்த்து, கடதாசியில் ஒற்றி ஒற்றி ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் ஆக்கி, விளிம்புகளில் மட்டும் மெல்லத் தொடுங்கள்.

பெரிய உதிர்வுக்கு உப்பு. ஆனையிறவுக் கல்லுப்பு இதற்கு அருமை, ஏனென்றால் மணி ஒன்றுபோல் ஒன்று இல்லை. முதலில் உலோக நிறம், அதன்மேல் வார்னிஷ், பிறகு ஒருநாள் காயவிடுதல். உதிர்வு வேண்டிய இடத்தில் பிரஷால் தண்ணீர் தொட்டு, ஒன்றிரண்டாக இடித்த உப்பைத் தூவி முழுதாகக் காயவிடுங்கள். மேல் நிறத்தை மெல்லியதாக அடியுங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஈரப் பல்லுப் பிரஷால் தேய்த்தால் உப்புப் போய், கீழ்நிறம் தெரியும். பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். ஒரு உப்பு மணி மிஞ்சினாலும் மாரிக்கு ஈரம் இழுத்து வார்னிஷுக்கு அடியில் வெள்ளையாகப் பூக்கும்.

எங்கள் ஊர்ச் செம்மண்ணைப் புழுதியாகப் பூசலாமா?

செவ்வாய்க்குப் போய்வந்த கப்பல் என்றால் அதைவிடப் பொருத்தமானது கடையில் இல்லை. செவ்வாயின் சிவப்பும் நம் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டால் வருவது. மண்ணை வெயிலில் காயவைத்து, அம்மியில் அரைத்து, பழைய சாரத் துணியில் இரண்டு தடவை சலியுங்கள். மணல் மணி ஒன்று மிஞ்சினாலும் அந்த அளவில் அது பாறாங்கல். சந்திரனுக்குப் போன இறங்குகலம் என்றால் விறகுக்கரியும் சாம்பலும் கலந்து கால்களில் மட்டும்.

விண்ணோடம் செவ்வாய்க்கும் போகவில்லை, சந்திரனுக்கும் போகவில்லை, பூமியைச் சுற்றித்தான் வந்தது. ஆனாலும் புழுதி பூச நியாயமான ஒரு வழி இருக்கிறது. 1982 மார்ச்சில் கொலம்பியா நியூ மெக்சிகோவின் வைற் சான்ட்ஸில் இறங்கியது, அங்கே இறங்கிய ஒரே விண்ணோடம் அதுதான். அந்த வெண்மணல் ஜிப்சம். அது ஓடத்தின் உள்ளே புறத்தே எல்லாம் புகுந்து பெரும் வேலை வைத்தது. பள்ளிக்கூட வெண்கட்டிகளில் பல ஜிப்சத்தாலேயே செய்யப்படுபவை. வெண்கட்டியை 400 சான்ட் பேப்பரில் உரைத்து, சக்கரங்களிலும் வயிற்றின் பின்பக்கத்திலும் பிள்ளையைப் பூசச் சொல்லுங்கள்.

தூளை உலர்ந்த பிரஷால் வைத்து, மங்கல் வார்னிஷை 30 செ.மீ. தள்ளி நின்று தூறலாக அடியுங்கள். வார்னிஷ் பட்டதும் வெளிர்நிறத் தூள் பாதி மறையும், அதனால் முதலில் கொஞ்சம் கூடவே வையுங்கள். வார்னிஷ் இல்லாவிட்டால் விளையாடும் கையில் அத்தனையும் போய்விடும்.

அளவுக்கு மிஞ்சிக் கறுத்துவிட்டது. இனி?

எண்ணெய்க் கலவை என்றால் ஒன்றிரண்டு நாளுக்குள் டேர்பன்டைனால் துடைக்கலாம். அதற்குப் பிறகு என்றால், அடிநிறத்தையே தண்ணியாகக் கரைத்து பலகைகளின் நடுவில் மட்டும் மேலே பூசுங்கள், கோடுகள் கறுப்பாக நிற்கட்டும். ஒரு வழமை: போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டு, அடுத்த நாள் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இரவு பல்பு வெளிச்சத்தில் எல்லாம் குறைவாகவே தெரியும்.

சண்டையில் அடிபட்ட கப்பலாகக் குண்டுத் துளை போடலாமா?

போடும் முறை எளிது: சூடாக்கிய ஊசியால் குத்தி, விளிம்பைக் கத்தியால் மெல்லியதாக்கிச் சுற்றிக் கரி தேய்ப்பது. ஆனால் நம் ஊரில் இதை வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சுவரில் அதே துளையைப் பூசி மறைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. நுண்விண்கல் பட்ட சின்னக் குழிகள் போதும். உண்மையான கலங்களிலும் அவைதான் விழுகின்றன.

மேலதிகக் குழாய், தாங்கி எல்லாம் வீட்டுக் கழிவுப் பொருட்களில் செய்யலாமா?

தாராளமாக. ஆனால் எந்தப் பிளாஸ்டிக் என்று பாருங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு அமிழ்த்தி விடுங்கள். மிதந்தால் பொலிப்புரப்பிலீன் அல்லது பொலித்தீன், மொடல் பசையும் பிடிக்காது பெயின்டும் நிற்காது. போத்தல் மூடி, பல பேனை மூடிகள் இந்த வகை. அமிழ்ந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. கண்ணாடி போன்ற பேனைக் குழல்களும் சில யோகட் கப்புகளும் பொலிஸ்டைரின், பசை அழகாகப் பிடிக்கும்.

இரும்புத் துண்டு பொறுக்கப் பிள்ளைகளைக் காணிகளுக்கோ பற்றைக்கோ அனுப்பவேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. வயர், திருகாணி எதுவானாலும் கடையிலோ சைக்கிள் திருத்துபவரிடமோ வாங்கலாம்.

எங்கே வைப்பது? அன்டெனா ஏற்கெனவே முறிந்துவிட்டது.

அன்டெனாவைத் திரும்ப ஒட்டவேண்டாம், திரும்ப முறியும். மெல்லிய மின்வயரின் செம்புக் கம்பியை அளவாக வெட்டி, ஊசியால் துளையிட்டு, சூப்பர் குளூ ஒரு துளியில் நிறுத்துங்கள். வளையும், முறியாது. பரிசாகக் கொடுக்க முன்பே இதைச் செய்துவிட்டால் நல்லது.

தகரக் கூரைக்குக் கிட்டிய தட்டும், வெயில் நேரே விழும் யன்னலும், நிறுத்திய வாகனத்தின் உள்ளும் கூடாது. மெல்லிய துண்டுகள் வளைந்துவிடும். தொங்கவிடுவதென்றால் மீன்பிடிச் சாமான் கடையில் மெல்லிய தங்கூசி வாங்கி, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று இடத்தில் கட்டுங்கள். ஒரே இழையில் கட்டினால் மின்விசிறிக் காற்றுக்கு நாள் முழுக்கச் சுழலும். கூரை வளைக்கு நேர் கீழே கட்டவேண்டாம், பல்லி எச்சம் வார்னிஷையே அரிக்கும். விழுந்தது கண்டால் அன்றே ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள்.